ராக்-ஓலா ஜூக்பாக்ஸ் மெதுவாகப் பாடுகிறது, ரீங்கரிக்கிறது, வீட்டு மின்சாரத்தையும் துண்டித்தது: எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலமான தந்தை விட்டுச்சென்ற ராக்-ஓலா ஜூக்பாக்ஸ் ஒன்று, அதாவது காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் இசைத்தட்டை எடுத்துப் பாடும் எந்திரம், அவர் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. 160 பாடல்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. அது எங்கே வாங்கப்பட்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காசு போடும் வாயில் 5, 10, 25, 50 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கனமான பழுப்பு நிறப் பெட்டி ஒன்றின் வழியாகத்தான் அதற்கு மின்சாரம் போகிறது. பாட்டு மெதுவாக, தடித்த குரலில் வருகிறது, பி. சுசீலா பாடினாலும் ஆண்குரல் போலக் கேட்கிறதாம். பத்து நிமிடம் ஓடிய பிறகு பாட்டுக்கு அடியில் ஓயாத ரீங்காரம் எழுகிறது. சில பொத்தான்களை அழுத்தினால் தட்டுகள் அடுக்கிய சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சென்ற வாரம் தார் உருகுவது போன்ற வாடை வந்து, அடுத்த நிமிடம் வீட்டு மின்சாரமே துண்டிக்கப்பட்டது. வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு 900 வெள்ளிக்கு ஒரு புளூடூத் ஒலிபெருக்கியை வைத்துத் தருவதாகச் சொன்னாராம். தந்தை சேர்த்து வைத்த தமிழ் இ.பி. தட்டுகளில் (எல்.பி.யைவிடச் சிறிய இசைத்தட்டுகள்) சில மட்டும் எந்திரத்தில் உட்காருகின்றன, மற்றவை உட்காரவில்லை என்பதையும் கடைசியில் கேட்டிருக்கிறார். கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: எந்திரம் செத்துவிட்டதா, அல்லது அதைப் புரிந்துகொண்டவர் யாரும் இன்னும் பார்க்கவில்லையா?

நான் 1973இல் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். அந்தக் கடைக்காரர் பராமரிப்புக்கு எடுத்திருந்த ஜூக்பாக்ஸ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில ஆண்டுகளில் என் தலையில் விழுந்தது. நியூசிலாந்துப் படையினர் 1989இல் ஊர் திரும்பும் வரை செம்பவாங் பக்கத்து மதுக்கூடங்களில் அந்த வேலை எனக்கு இருந்தது. ஆகவே இந்தப் பெட்டிகளின் உள்பக்கம் எனக்கு அந்நியம் இல்லை. ஆனாலும் உங்கள் எந்திரத்தை நான் பார்க்கவில்லை, மாடல் எண்ணையும் நீங்கள் எழுதவில்லை. கீழே சொல்பவற்றில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சிலவற்றை ஊகமாகத்தான் சொல்வேன்; எது எது என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன். முதலில் ஒன்று: நீங்கள் சொன்ன கோளாறுகளில் மூன்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, சக்கரம் நிற்காமல் சுற்றுவது மட்டும் தனிக்கதை. இந்தக் குறிகளை வைத்து எந்திரத்தைக் காலி செய்ய எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வாடையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது. எந்திரத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்; கீழே உள்ளவை முடியும் வரை "ஒரே ஒரு பாட்டு" என்றுகூட மீண்டும் போடாதீர்கள். தார் வாடை என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையானால், அது பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சூடான டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே இருக்கும் மெழுகும் தாரும்தான். அழுகிய முள்ளங்கியும் பூண்டும் கலந்தது போன்ற வாடையாக இருந்திருந்தால் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் செலினியம் ரெக்டிஃபையரைச் சந்தேகித்திருப்பேன். அந்தக் காலத்து எந்திரங்களில் சாலினாய்டுகளுக்கு (மின்சாரம் பாய்ந்ததும் நெம்பை இழுக்கும் காந்தச் சுருள்கள்) நேர்மின்சாரம் கொடுக்க அடுக்கடுக்கான தகடுகளாக ஒன்று இருக்கும், அது எரிந்தால் வரும் புகை நச்சு, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். வாடையை நினைவிலிருந்து சொல்வது எளிதில்லை என்பதால், பின்கதவைத் திறந்து, எதையும் தொடாமல், முகர்ந்து பாருங்கள். எரிந்த டிரான்ஸ்ஃபார்மர் பல வாரங்களுக்குத் தன் அடையாளத்தை விட்டுவைத்திருக்கும். அடியில் தட்டில் உறைந்த கருப்புச் சொட்டுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது, வீட்டு மின்பலகையில் விழுந்த சுவிட்சு எது என்பது. அந்த ஒரு சுற்றைக் காக்கும் சுவிட்சான எம்.சி.பி. மட்டும் விழுந்திருந்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் என்று பொருள். ஆனால் வீடு முழுவதும் இருண்டிருக்கிறது, ஆகவே கசிவைக் கண்டால் வீடு முழுவதையும் துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அது எங்கோ மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்பதற்கான அடையாளம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட பழைய எந்திரங்கள் பல எர்த்து இல்லாத இரண்டு முள் ஒயரோடு வந்தவை. கசிவு ஆர்.சி.சி.பி.யை விழ வைத்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர், அநேகமாக உங்கள் தந்தை, உலோகச் சட்டத்துக்கு எர்த்து இணைத்திருக்கிறார். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கசிவைக் கண்டுபிடித்திருப்பது காலில் செருப்பில்லாமல் பக்கவாட்டுக் குரோமியத்தைத் தொட்ட யாரோவாக இருந்திருக்கும்.

பழுப்புப் பெட்டியை எந்திரம் இல்லாமல் தனியாகச் சுவரில் செருகிப் பாருங்கள். தனியாக இருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுந்தால் குற்றவாளி பெட்டிதான். விழாவிட்டால் கசிவு எந்திரத்துக்குள் இருக்கிறது. அப்போது நான் முதலில் தேடுவது, மின்சாரம் நுழையும் இடத்தில் ஒயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வானொலி இரைச்சலைத் தடுக்க வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டரை (மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பு). அறுபது ஆண்டுகள் கழிந்த அந்தத் தாள் கெப்பாசிட்டர்களை நான் பரிதாபமே பார்க்காமல் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்துக்கென்றே செய்யப்படும் ஒய் வகைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டரை வைப்பேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: சந்தையில் விற்கும் 230-க்கு-110 வோல்ட் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே சுருளில் நடுவில் கிளை எடுத்தவை. அவை வோல்ட்டைக் குறைக்குமே தவிர எந்திரத்தைச் சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்காது. ஆகவே "110 வோல்ட்தானே" என்ற துணிச்சல் வேண்டாம்.

இப்போது மெதுவான பாட்டுக்கு வருகிறேன். இங்கே ஏறத்தாழ உறுதியாகவே பேச முடியும். காசு வாயில் 25 என்று எழுதியிருக்கிறது என்றீர்கள். சிங்கப்பூரில் 25 காசு நாணயம் கிடையாது, அதற்கு முன் மலாயாவிலும் கிடையாது, இங்கே 20தான். ஆகவே உங்கள் எந்திரம் இங்கே உழைத்துச் சம்பாதித்த எந்திரம் இல்லை, அமெரிக்க நாணயத்துக்காக அமைக்கப்பட்டு, பிறகு யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு கப்பலேறி வந்தது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. பழுப்புப் பெட்டி வோல்ட்டை மாற்றும், சுழற்சியைத் தொடாது. தட்டைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது வோல்ட்டைவிடச் சுழற்சிதான். எனவே நிமிடத்துக்கு 45 முறை சுற்ற வேண்டிய தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது 37½ முறை சுற்றுகிறது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: ஐந்து கட்டையில் பாடியவர் ஏறத்தாழ மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் முப்பத்தாறு நொடி ஓடும். இது கோளாறு என்ற கணக்கிலேயே வராது. எந்திரம் தனக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு உண்மையாக நடந்துகொள்கிறது.

ஆனால் ஊகத்தை எண்ணிக்கையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கசிவைச் சரிசெய்த பிறகு, ஒரு பழைய தட்டின் லேபிள் மேல் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணுங்கள். 37 அல்லது 38 வந்து, பத்து நிமிடம் கழித்து எண்ணினாலும் அதே எண் வந்தால், நான் சொன்னதுதான் காரணம். எண்ணிக்கை அதற்கும் கீழே இருந்து, சூடாகச் சூடாக ஏறினால், உறைந்துபோன எண்ணெயும் இறுகிய ரப்பர் சக்கரமும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ரப்பர் சக்கரம் என்று நான் சொல்வது மோட்டார்த் தண்டுக்கும் தட்டுமேடைக்கும் நடுவில் உராய்ந்து ஓடும் ஐட்லரை. வேகம் குறைந்தது என்றதும் பலர் அதைத்தான் மாற்றுகிறார்கள்; அது வீண் செலவு, ஏனென்றால் நடுவில் இருக்கும் சக்கரம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் அதன் விளிம்பு கடத்தும் வேகம் ஒன்றே. கணக்கில் வருவது மோட்டார்த் தண்டின் விட்டமும் தட்டுமேடையின் விட்டமும் மட்டுமே. ஐட்லர் வழுக்கினாலோ, பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தி நின்று பள்ளம் விழுந்து 'டொக், டொக்' என்று அடித்தாலோதான் அதை மாற்ற வேண்டும், அல்லது ரப்பர் புதிதாக வார்த்துத் தருபவர்களிடம் அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். துணி கருப்பாக வருவது நின்றதும் பாதி வழுக்கல் போயிருக்கும்.

ஆக, தீர்வு மோட்டார்த் தண்டில் இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறு ஸ்லீவ் (குழாய் போன்ற உறை) மாட்டி விட்டத்தை 1.2 மடங்காக்க வேண்டும். தண்டு உராயும் இடத்தில் 5 மில்லிமீட்டர் இருந்தால் 6 மில்லிமீட்டர். 50 சுழற்சி நாடுகளுக்கு அனுப்பிய எந்திரங்களில் தொழிற்சாலையே இதைச் செய்திருந்தது. ஆகவே உங்கள் மாடலுக்கான ஸ்லீவ் உதிரிப்பாக விற்பனையாளர்களிடம் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் கடைசல் எந்திரம் வைத்திருக்கும் பட்டறை எதிலும் பித்தளையில் கடைந்து தருவார்கள். துல்லியம் மட்டும் முக்கியம்: ஆறு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டர் பிசகினால் சுருதி அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு விலகும், நல்ல காதுள்ளவர் கண்டுகொள்வார். வட்டம் பிசகினால் அதைவிட மோசம், ஒவ்வொரு சுற்றிலும் குரல் ஆடும். 60 சுழற்சி மின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தரும் மின்னணுக் கருவியைத் தட்டு மோட்டாருக்கு மட்டும் வைப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் ஒரு பித்தளைத் துண்டு செய்யும் வேலைக்கு ஒரு மின்னணுப் பெட்டி எதற்கு என்பது என் கருத்து.

இதே 50 சுழற்சிதான் உங்கள் தார் வாடைக்கும் பாதிக் காரணம் என்று சந்தேகிக்கிறேன். 60 சுழற்சிக்கென்று கணக்கிட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அதே வோல்ட்டை 50இல் கொடுத்தால் அதன் இரும்புக் கருவில் காந்தப் பெருக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடும் கூடும். ஏட்டுப்படி 117 வோல்ட் எந்திரத்துக்கு 98 வோல்ட் கொடுத்தால் கணக்கு நேராகும். ஆனால் அப்போது வால்வுகளின் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) இழைகள் மங்கி, சாலினாய்டுகள் சோம்பும். நடைமுறையில் நான் 105 வோல்ட் சுற்றில் நிறுத்திக்கொள்வேன். பெயர்ப்பலகையில் 50/60 என்று இரண்டும் அச்சிட்டிருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள். குழல்விளக்குக்கான சோக்குக்கும் இதே விதி பொருந்தும். அதை 50 சுழற்சிச் சோக்காக மாற்றுவது மலிவான வேலை, உடனே செய்துவிடலாம். மோட்டாருக்குத் துணையாக இருக்கும் எண்ணெய் நிரப்பிய கெப்பாசிட்டர் கசிந்திருந்தால் அந்த எண்ணெயை வெறுங்கையால் தொடாதீர்கள். 1979இல் அமெரிக்கா தடை செய்த பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் அதில் இருக்கக்கூடும்.

மீதிப் பாதிக் காரணமும் ரீங்காரமும் ஒலிபெருக்கிச் சட்டத்தில், அதாவது வால்வு ஆம்பிளிஃபையர் அமைந்த உலோகச் சட்டத்தில், இருக்கின்றன. ஒலிக்கட்டுப்பாட்டை முழுவதும் குறைத்துவிட்டுக் கேளுங்கள். ரீங்காரம் மறைந்தால் அது ஊசிப் பக்கத்திலிருந்து வருகிறது: ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் வழியாக வரும் மெல்லிய ஒயர்களில் ஒன்றின் உறைக்கம்பி அறுந்திருக்கும். மறையாவிட்டால் மின்வழங்கிப் பக்கம். காதாலும் ஓரளவு பிரிக்கலாம்: எர்த்து விட்டுப்போன ரீங்காரம் 50 சுழற்சியில் அடியாழத்தில் இருக்கும், வடிகட்டும் கெப்பாசிட்டர் செத்த ரீங்காரம் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 100 சுழற்சியில் கரகரக்கும். பத்து நிமிடம் கழித்துத் தொடங்குகிறது என்ற உங்கள் குறிப்பு இரண்டாவதைக் காட்டுகிறது. வடிகட்டும் வேலையைச் செய்வது எலெக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர்; உலர்ந்துபோனால் அது சூடேறச் சூடேறக் கசியும். அதோடு, வெளியீட்டு வால்வுகளுக்கு முன்னால் இருக்கும் இணைப்புக் கெப்பாசிட்டர்களும் கசிந்திருந்தால், அந்த வால்வுகள் தாங்க முடியாத மின்னோட்டத்தை இழுக்கும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு 6எல்6 போன்ற அந்த வால்வுகளைப் பார்த்தால் தெரியும்: நடுவில் இழை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு, ஆனால் வெளியே சாம்பல் நிறத் தகட்டில் மங்கலான சிவப்புத் திட்டு ஒன்று படர ஆரம்பித்தால் அந்த நொடியே அணைக்க வேண்டும். அந்தச் சிவப்பும் உங்கள் தார் வாடையும் ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும்.

ஆகவே எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள், தாள் கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிடச் சொல்கிறேன். சிம் லிம் டவரில் 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இன்றும் தேடினால் கிடைக்கும். வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழைய கெப்பாசிட்டரை உயிர்ப்பிக்கலாம் என்று எழுதுபவர்கள் உண்டு. வால்வு ரெக்டிஃபையர் இருக்கும் சட்டத்தில் அந்த வால்வு சூடாகும் வரை அடுத்த கட்டத்துக்கு ஒன்றுமே போகாது, போகத் தொடங்கும்போது கணிசமாகப் போகும், எனவே அந்த வித்தையை நான் நம்புவதில்லை. மாற்றி முடித்த பிறகு முதல்முறை ஏற்றும்போது, மோட்டார்களையும் விளக்குகளையும் கழற்றிவிட்டு, பழுப்புப் பெட்டிக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில், 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் எங்கோ குறுக்கிணைப்பு இருக்கிறது, சாபம் பல்பின் தலையோடு போயிற்று.

இந்தப் பகுதியை நீங்களே செய்யலாமா என்றால், வேண்டாம் என்பேன். எந்திரத்தை அணைத்து ஒயரைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சட்டத்தில் 400 வோல்ட் வரை நேர்மின்சாரம் தங்கியிருக்கலாம். வேலை தெரிந்தவர் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்து அதை இறக்கி, மல்டிமீட்டரால் அளந்து, பிறகுதான் விரலை நுழைப்பார், அதுவும் ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு. அவசரப்படுவதன் விலை எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மாலை மதுக்கூடம் நிறைந்திருந்த நேரம், 2 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறதே என்று கையிலிருந்த 10 ஆம்பியரைப் போட்டேன். பாட்டு வந்தது, முதலாளி தோளில் தட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, அதைத் திரும்பச் சுற்றுவதற்கான பணம் என் சம்பளத்தில் நான்கு மாதம் பிடிக்கப்பட்டது. உங்கள் எந்திரத்திலும் ஃபியூஸ்களைக் கழற்றி, அவற்றில் எழுதியிருக்கும் எண் தாங்கியின் அருகே அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

நிற்காத சக்கரத்துக்கு வருவோம். இங்கே நீங்களே நிறையச் செய்ய முடியும், பொறுமைதான் முதலீடு. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, 160 தேர்வுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, சரியாக நின்றதற்கு ஒரு குறி, நிற்காததற்கு ஒரு குறி, வேறு தட்டை எடுத்ததற்கு ஒரு குறி என்று எழுதுங்கள். இரண்டு மாலை நேரம் போகும். ஆனால் அந்தத் தாள் சொல்வதை எந்த மல்டிமீட்டரும் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. ஒரே எழுத்துப் பொத்தானுக்குரிய வரிசை முழுவதும் செத்திருந்தால் குற்றம் அந்தப் பொத்தானின் தொடுமுனையிலோ அதன் ஒயரிலோ. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாக உள்ள சிறு முளைகள் இறுகியிருக்கின்றன. ஒன்றுமே நிற்காவிட்டால் சாலினாய்டுகளுக்கான மின்வழங்கியையோ ஒரு ஃபியூஸையோ பார்க்க வேண்டும். "சில பொத்தான்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பதால் முதலிரண்டில் ஒன்றாக இருக்கும். அதற்கு மேல் தாளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

முளைகள் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானம் இல்லை, கிரீஸ். தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் அறுபது ஆண்டுகளில் காய்ந்து, பனைவெல்லப் பாகு உறைந்தது போல ஆகிவிடும். அதன் மேல் யாராவது துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் தெளிப்பானை அடித்திருந்தால், ஒரு வாரம் எல்லாம் துள்ளும், பிறகு முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். பழைய கிரீஸை ஒயிட் ஸ்பிரிட்டும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு முழுவதும் எடுத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும், ஊசி முனையால், தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு வையுங்கள். ரப்பரிலோ தொடுமுனையிலோ எண்ணெய் பட்டுவிடக் கூடாது. தொடுமுனைகளுக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அவற்றின் மேல் இருப்பது மெல்லிய வெள்ளிப் பூச்சு. பழைய பெயரட்டையை நீளவாக்கில் வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து, விரலால் மெதுவாக மூடி, இழுங்கள். அட்டையில் கரிய கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல் சராசரி ஈரப்பதம் உள்ள ஊரில் இந்த வேலை ஒருமுறை செய்து முடிப்பதாக இருக்காது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

மின்சாரம் இல்லாமல் எந்திரத்தைக் கையால் இயக்கிப் பார்ப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். தட்டைப் பிடிக்கும் கையை இயக்கும் மோட்டாரின் சுழலியை விரலால் சுற்றினால், அந்தக் கை மெல்ல எழுந்து, சக்கரத்திலிருந்து தட்டைக் கவ்வி, ஒரு வில்லாக வளைந்து, மேடையில் வைத்துவிட்டு விலகும். முழுச் சுற்றுக்கும் விரலில் ஒரே மாதிரி எதிர்ப்பு இருக்க வேண்டும். எங்காவது கடினமானால் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் எந்த நெம்பு எதன் மேல் உராய்கிறது என்று டார்ச்சு அடித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி ராக்-ஓலாக்கள் அந்த ஒரு இடத்தைத் துடைத்ததும் சரியாகிவிட்டன. இதே பதிலை வைத்துக்கொண்டு இன்னொரு ஜூக்பாக்ஸ் வகையான சீபர்க் எந்திரத்தைத் திறக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1955க்குப் பிறகு வந்த பல சீபர்க்குகளில் முளைகளுக்குப் பதிலாக டார்மட் என்ற, காந்த வளையங்களாலான நினைவகம் இருக்கிறது. அதில் மல்டிமீட்டரின் ஓம் அளவையை வைத்துத் துழாவாதீர்கள். மேலே சொன்ன கட்டத்தாள் அங்கும் பயன்படும், மற்றவை பயன்படா.

தமிழ் இ.பி. தட்டுகள் உட்காராததற்கு எந்திரத்தில் எந்தப் பிழையும் இல்லை. அமெரிக்க ஜூக்பாக்ஸ்கள் 38 மில்லிமீட்டர் நடுத்துளை கொண்ட தட்டுக்காகச் செய்யப்பட்டவை. கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து வந்த நம் இ.பி.கள் பெரும்பாலும் எல்.பி.க்கு உள்ளது போன்ற சிறு துளையோடு வந்தன. உங்கள் தந்தை சிலவற்றின் துளையை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார், அவைதான் உட்காருகின்றன. அதற்கென்று மையத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டும் கருவி உண்டு; கத்தியாலோ துளைப்பானாலோ செய்தால் மையம் அரை மில்லிமீட்டர் தவறினாலே பாட்டு ஊஞ்சலாடும். ஒரே ஒரு படி இருக்கும் தட்டை வெட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அதைச் சாதாரண இசைத்தட்டுக் கருவியில் கேட்கலாம். கீறலும் பூஞ்சணமும் உள்ள இரண்டாம் படி கிடைத்தால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் லேபிள் நனையாமல் கழுவிவிட்டு, அதை எந்திரத்துக்குக் கொடுங்கள். ஊசியையும் முதலில் மாற்றிவிடுங்கள். எவ்வளவு நாள் ஓடியது என்று தெரியாத ஊசி, உங்கள் தந்தை சேர்த்த தட்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் உழுதுகொண்டிருக்கலாம். அதன் அழுத்தத்தைச் சிறு தராசில் அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

புளூடூத் யோசனையைப் பற்றி: சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வால்வு பார்த்திராத தலைமுறைக்கு அதுதான் தெரிந்த வழி. ஆனால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது, மிஞ்சுவது விளக்கு எரியும் அலமாரி. கைப்பேசியிலிருந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், ஒலிபெருக்கியைச் சரிசெய்பவரிடமே சொல்லி, சிறு பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாகக் கூடுதல் உள்ளீடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். எதையும் கழற்ற வேண்டியதில்லை.

இங்கிருந்து நான் சொல்ல முடியாதது ஒன்றே ஒன்று, அதுவே செலவின் பெரும்பகுதி: அந்த மின் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருக்கிறதா என்பது. ஒலிபெருக்கிச் சட்டத்தை மட்டும் கழற்றி, வால்வு ஆம்பிளிஃபையர் பார்ப்பவரிடம் கொண்டுபோய், சுருள்களின் மின்தடையையும் காப்பையும் அளக்கச் சொல்லுங்கள். எரிந்திருந்தாலும் திரும்பச் சுற்றலாம், சுற்றுபவரிடம் 50 சுழற்சிக்கு என்று மறக்காமல் சொல்லிவிட்டால் மேலே எழுதிய சூட்டுப் பிரச்சினையும் அதோடு ஒழியும். அதற்குள் பின்கதவின் உள்பக்கமுள்ள பெயர்ப்பலகையில் இருக்கும் மாடல் எண், அதன் கீழே வோல்ட்டும் சுழற்சியும், மோட்டார்த் தண்டின் விட்டம், 160 கட்டங்கள் நிரப்பிய தாள் ஆகியவற்றை இங்கே பதிவிடுங்கள். உள்பக்கத்தைப் படமெடுத்தும் போடுங்கள். சுவரில் செருகும் ஒயரின் நுனியும் அந்தப் படத்தில், தரையில் கிடப்பதாக, தெரியட்டும்.